முப்பத்தொரு புள்ளி

எங்கள் பக்கம் மழையைப் புள்ளியில் எண்ணுவோம்.
நூறு புள்ளி சேர்ந்தால் ஓர் அங்குலம்.
நாற்பத்து நாலாம் வருஷம்
நான் ஒரே நாளில் நூறு பார்க்கவில்லை.

கொல்லைக் கம்பத்தில் செப்புக் குழாய்.
காலை ஒன்பது மணிக்கு அளந்து
வானிலை இலாகாவின் அட்டையில் எழுத வேண்டும்.
சம்பளம் கிடையாது.
பிறகு ஏன் என்று ஹுல்டா கேட்பாள்.
யாராவது ஒருவன் கணக்கு வைக்கட்டுமே என்பேன்.

மே மாதம் முழுக்கப் புழுதி விதைப்பு.
எட்டுக் குதிரை. நாலு மணிக்கே எழுந்து தீனி.
தூர் தட்டினால் துள்ளி ஏறி
மறுபக்கம் இறங்கும் கலப்பை.
தைலமரங்களை வெட்டி முப்பது வருஷம் ஆகியும்
வேர் எங்களை விட்டபாடில்லை.
உழுதது பாதி, வேர் பொறுக்கியது பாதி.
பொறுக்கியதை ரயிலில் ஏற்றினால்
அடிலெய்டில் யார் வீட்டிலோ கணப்பாய் எரியும்.
டன்னுக்குப் பதினெட்டு ஷில்லிங்.
அந்த வருஷம் கோதுமையைவிட
வேர்தான் நன்றாக விளைந்தது.

விதை புழுதியில் தூங்கும்.
தூங்கும்வரை ஆபத்தில்லை.
எறும்புக்குக் கொஞ்சம், கிளிக்குக் கொஞ்சம்,
மிச்சம் எனக்கு.

ஜூன் பத்தொன்பது. இரவில் கூரைத் தகரம் பேசிற்று.
ஹுல்டா எழுந்து உட்கார்ந்தாள்.
நான் எழவில்லை.
எழுந்தால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.
லூத்தரன் கோவிலில் இதைச் சொல்ல முடியாது.
தொட்டிக்குள் நீர் இறங்கும் சத்தத்தை
இருட்டில் இருவரும் குடித்தோம்.

காலையில் முப்பத்தொன்று.
ஒரே தொலைபேசிக் கம்பியில் ஒன்பது வீடு.
எல்லாரும் ஒன்றையே கேட்டோம்:
உனக்கு எத்தனை?
யென்ஷுக்கு ஐம்பத்தெட்டு.
வேலிக்கு அந்தப்புறம்தான் அவன் வயல்.
நல்லது என்று ரிசீவரை வைத்தேன்.
கொட்டுமுன் இன்னொரு தரம் அளந்தேன்.
முப்பத்தொன்று.

எட்டாம் நாள் வயல் பச்சை.
நின்று பார்த்தால் தெரியாது;
கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தால் பச்சை.

ஒன்றுமே பெய்யாதிருந்தால்
விதை இன்னும் தூங்கியிருக்கும்.
நூறு பெய்திருந்தால் வேர் பிழைத்திருக்கும்.
முப்பத்தொன்று எழுப்பிவிடும்,
சோறு போடாது.

ஜூலையில் உறைபனி.
ஆகஸ்டில் வடக்குக் காற்று.
ஹுல்டா ஜன்னல்களில் ஈரத்துணி கட்டினாள்.
தட்டுகளைக் கவிழ்த்தே மேஜையில் வைப்பாள்,
பரிமாறும்போதுதான் நிமிர்த்துவாள்.
பாங்கிலிருந்து கடிதம். மிக மரியாதையான கடிதம்.
வடக்கு வேலி மணலுக்குள் போயிற்று.
அதன் தலைமேல் இன்னொரு வேலி நட்டேன்.
கீழே இருப்பது யார் எல்லை, மேலே இருப்பது யார் எல்லை
என்று கேட்க ஆளில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு,
பிரசங்கம் முடிந்து வந்த அதே சட்டையோடு
ஆடுகளைப் பயிருக்குள் திறந்துவிட்டேன்.
அவை முதலில் நம்பவில்லை.
வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன.
எத்தனை தடவை கல்லெறிந்து விரட்டிய வயல்.

யென்ஷ் வேலியோரம் வந்தான்.
அவன் பயிரும் கணுக்காலைத் தாண்டவில்லை.
சாவு வீட்டில் நிற்பவன்போல்
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.
என்னுடையதும் அடுத்த வாரம் என்றான்.
அப்போதுதான்
அந்த ஐம்பத்தெட்டை நான் மன்னித்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தேன்.
மழை இல்லை.
அடியில் அரை விரல் செம்புழுதி.
எங்கள் மண் வெளுப்பு.
இது வடக்கே எவனுடையதோ.
அவனும் இதைக் கீறி விதைத்திருப்பான்.

பழக்கதோஷத்தில் அளந்தும் பார்த்தேன்.
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.
பூஜ்யம் என்று எழுதிவிட்டுக்
குழாயைக் கவிழ்த்துத் தட்டினேன்,
என் வயல் பக்கமாக.